ரைட்டர் வீட்டு லிஃப்ட்

சோலைச்சாமி தன் மகளைப் பார்த்து ஆறு வருஷமாகிறது என்று யாராவது சொன்னால் அது பொய். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, தூக்குச்சட்டியும் கையுமாக பஸ் ஏறி ராஜபாளையம் போய் அவளைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அரை மணி நேரப் பயணம்கூட இல்லை. ஆனால் அந்த மகள் யுவராணி அவர் வீட்டுக்குள் வந்து ஆறு வருஷமாகிறது. மகளைப் பார்ப்பது வேறு, மகளை வீட்டில் பார்ப்பது வேறு என்பது அவருக்கு அறுபது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

போலீஸ் ஸ்டேஷனில் முப்பது வருஷம் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். புகார் கொடுக்க வந்தவர், அடிபட்டவர், அடித்தவர் என்று எத்தனையோ ஆயிரம் பேர் சொல்லச் சொல்ல எழுதிய கை. இன்றைக்கும் மடவார் வளாகத்தில் அவருக்கு ரைட்டர் ஐயா என்றுதான் பெயர். வீடு கடைத்தெருவில் இருந்தது. கீழே இரண்டு கடைகள், பக்கவாட்டில் படிக்கட்டு, மாடியில் குடியிருப்பு. கட்டும்போது இதைவிடப் புத்திசாலித்தனமான திட்டம் உலகத்திலேயே கிடையாது என்று நினைத்தார். பதினெட்டுப் படிகள். அந்தப் படிகளை ஒருநாள் எண்ண வேண்டிவரும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

யுவராணிக்கு இருபத்தாறு வயதில், கிருஷ்ணன்கோவிலில் வேலை முடிந்து ஸ்கூட்டியில் வரும்போது குறுக்கே மாடு வந்தது. முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவில்லை என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு மூன்று வருஷம் அவள் மாடியில்தான் இருந்தாள். ஆஸ்பத்திரிக்கோ கோயிலுக்கோ எங்கே போவதானாலும் நாலு ஆள் வேண்டும். சோலைச்சாமி தெருவில் இறங்கி ஒரு குரல் கொடுப்பார். கீழே சைக்கிள் கடை வைத்திருக்கும் மாரிசாமி, டீக்கடையில் நிற்கும் ஐயாதுரை, இன்னும் இரண்டு பேர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். சக்கர நாற்காலியோடு அவளை அலாக்காகத் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள், ஏறுவார்கள். ரைட்டர் ஐயா வீட்டுப் பிள்ளை என்றால் வரமாட்டோம் என்று ஒருத்தரும் ஒரு நாளும் சொன்னதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஒரு சாயங்காலம், தூக்கிக்கொண்டு ஏறும்போது நாற்காலி வண்டி சாய்ந்துவிட்டது. ஆறாவது படி. யாரும் விழவில்லை, ஒரு சிராய்ப்புகூட இல்லை. ஆனால் அடுத்த மாதமே யுவராணி ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி அனுப்பும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலையை ஒத்துக்கொண்டு, அதன் பின்னாலேயே தரைமட்டத்தில் ஒரு சின்ன வீடும் பார்த்துக்கொண்டு போய்விட்டாள். படி ஏறாமல் எப்போது வீட்டுக்குள் வர முடியுமோ அப்போது வருகிறேன் என்றாள். ஒரு கடையைக் காலி செய்து கீழேயே ஒரு அறை போட்டுத் தருகிறேன் என்று சோலைச்சாமி கெஞ்சிப் பார்த்தார். ஷட்டரை இழுத்து என்னைப் பூட்டி வைக்கவா என்று சிரித்தாளே ஒழிய, வரவில்லை.

வண்டி சாய்ந்ததில் பயந்துவிட்டாள் என்றுதான் அவர் எல்லோரிடமும் சொன்னார். சொல்லிச் சொல்லி அவரே அதை நம்பினார். சில ஞாயிற்றுக்கிழமைகளில் ராஜபாளையத்திலிருந்து திரும்பும்போது, வீட்டுப் படியில் ஆறாவதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் மேலே ஏறுவார். கேட்டால் மூட்டு வலி என்பார். மாடியிலிருந்து அவர் மனைவி சுந்தரம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

ராஜபாளையத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுப் புதுமனை புகுவிழாவில்தான் அவர் முதன்முதலாக வீட்டுக்குள் லிஃப்டைப் பார்த்தார். அதற்கு முன்னால் லிஃப்ட் என்றால் மதுரை ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை என்றுதான் நினைத்திருந்தார். அன்றைக்குப் பந்தியில் உட்கார்ந்தவர் என்ன சாப்பிட்டார் என்றே அவருக்குத் தெரியாது. அந்த வாரமே வத்திராயிருப்புத் தென்னந்தோப்பில் தன் பங்கைத் தம்பி பெயருக்கு விலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, லிஃப்ட் போடுகிற அஃப்சலைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார்.

அஃப்சல் ராஜபாளையத்துக்காரர், நாற்பது வயது, அளந்து பேசுகிற மனிதர். படிக்கட்டுக்குப் பின்னால் காற்றுக்காக விட்டிருந்த இடைவெளியை டேப் வைத்து இரண்டு முறை அளந்தார். சின்ன லிஃப்ட் தாராளமாக நிற்கும் என்றார். சக்கர நாற்காலி போகவேண்டும் என்று தெரிந்ததும், அதன் நீள அகலம் என்ன என்று கேட்டார். சோலைச்சாமி நேராகப் பரண் பக்கம் போனார். தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்த பழைய நாற்காலியை இறக்கினார். மகள் விட்டுப்போனது. ஆறு வருஷமாக மாதம் ஒரு தடவை சக்கரத்துக்கு எண்ணெய் விட்டு, துடைத்து வைத்திருந்தார்.

அஃப்சல் அதையும் அளந்தார். அளந்துவிட்டு, மகள் இப்போது உபயோகிப்பதும் இதுதானா என்று கேட்டார். இப்போது மோட்டார் வண்டி வாங்கியிருக்கிறாள், எல்லாம் வண்டிதானே என்றார் சோலைச்சாமி.

“ஒண்ணுக்கு ஒண்ணு சைஸ் மாறும் சார். கடைப் பக்கத்துச் சுவரை ஆறு இஞ்ச் இடிச்சம்னா பெரிய சைஸே போட்டுறலாம். எதுக்கும் அவங்ககிட்ட ஒரு போன் போட்டுக் கேட்டுருங்க.”

“எம் மகளுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதாய்யா? நீரு வேலையப் பாரும்.”

உண்மையைச் சொன்னால், அந்த மோட்டார் வண்டியை அவர் ஒழுங்காகப் பார்த்ததே கிடையாது. ராஜபாளையம் போனால் மகளின் முகத்தைப் பார்ப்பார், கையைப் பார்ப்பார், மேஜைமேல் இருக்கிற கம்ப்யூட்டரைப் பார்ப்பார். இடுப்புக்குக் கீழே பார்வை இறங்குவதற்குள் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார். அந்த வண்டிக்கு எத்தனை சக்கரம் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. ஸ்டேஷனில் ஒரு சைக்கிள் காணாமல் போனால் அதன் நிறம், பெல், கேரியர் என்று துருவித் துருவிக் கேட்டு எழுதிய மனிதர்தான்.

போன் போடாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. வேலை முடிந்த பிறகு ஒரே சொல்லில் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டார். ‘படி ஏற வேண்டாம், வா’ என்று சொல்கிற அந்த நிமிஷத்தை அவர் மனசுக்குள் எத்தனையோ விதமாக ஒத்திகை பார்த்திருந்தார். அதை ஒரு அளவு கேட்கப்போய் வீணாக்க அவருக்கு மனம் வரவில்லை.

வேலை ஒரு மாதத்துக்கு மேல் நடந்தது. குழி தோண்டினார்கள், மேல்தளத்தை உடைத்தார்கள், இரும்புச் சட்டம் நிறுத்தினார்கள். வீடெல்லாம் சிமெண்ட் தூசி. சுந்தரம்மாள் சோற்றுப் பானையைத் துணி போட்டு மூடியே வைத்திருந்தாள். ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. துளை போடும் மெஷினின் இரைச்சல் நின்றுவிட்டால்தான் அவளுக்குப் பதறும், வேலையை நிறுத்திவிட்டார்களோ என்று எட்டிப் பார்ப்பாள். லிஃப்ட் பேசுவதற்கு எந்த பாஷை வைக்கலாம் என்று அஃப்சல் கேட்டபோது, தமிழ்தான் என்று புருஷனும் மனைவியும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

மணல் மூட்டைகளை ஏற்றி எடை தாங்குகிறதா என்று பார்த்தார் அஃப்சல். பழைய நாற்காலியை உள்ளே தள்ளிப் பார்த்தார்கள். தையற்காரன் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி கச்சிதமாக நின்றது.  சோலைச்சாமி உடனே ஒரு உத்தரவு போட்டார். மகள் ஏறுவதற்கு முன்னால் இந்த லிஃப்டில் மனுஷர் யாரும் ஏறக்கூடாது. சுந்தரம்மாளுக்கு இரண்டு மூட்டும் வீங்கிக் கிடந்தன. அவளும் மார்க்கெட் பையோடு பக்கத்திலிருக்கும் கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டே பதினெட்டுப் படி ஏறினாள்.

அன்றைக்கு மத்தியானம் மகளுக்குப் போன் போட்டார். மனசுக்குள் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், லிஃப்ட் போட்டாச்சு என்று மட்டும் சொன்னார்.  யுவராணி, ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வருகிறேன், அஞ்சு மணிக்குக் கிளம்பிவிடுவேன் என்றாள். இருந்துவிட்டுப் போகக்கூடாதா என்று அவர் கேட்கவில்லை. வந்து லிஃப்டைப் பார்த்தால் தானாக இருந்துவிடுவாள் என்று நினைத்தார். சுந்தரம்மாளும் அப்படித்தான் நினைத்தாளோ என்னவோ, கட்டிலுக்குப் புது விரிப்பு எடுத்துப் போட்டு, தலையணைக்கும் உறை மாற்றினாள். அந்தக் கட்டிலில் மகள் ஒரு ராத்திரி படுத்து எழுந்தால் போதும் என்று அவள் மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டது சோலைச்சாமிக்கும் தெரியும். அவர் வேண்டிக்கொண்டதும் அதேதான், வெளியே சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. சித்திரை வெயில் ஒன்பது மணிக்கே உச்சந்தலையில் இறங்கியது. பத்து மணிக்குச் சரியாக பெலிக்ஸின் வேன் வந்து நின்றது. யுவராணி எங்கே போவதானாலும் அந்த வேன்தான், பின்பக்கம் மடக்குப் பலகை உண்டு. பெலிக்ஸ் பலகையை இறக்கினார். யுவராணி கைப்பிடிக் குமிழைத் தள்ளியதும் வண்டி தானாக இறங்கித் தெருவுக்கு வந்தது. யாரும் தொடவில்லை. சைக்கிள் கடையிலிருந்து மாரிசாமி எழுந்து நின்றார். மகள் வீட்டை நிமிர்ந்து பார்த்தாள். மாடியில் சுந்தரம்மாள் ஆரத்தித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். மூட்டுவலியால் இறங்கவில்லை என்பது ஒரு காரணம், மகள் மேலே வரும்போது வாசலில் நின்று கூப்பிட வேண்டும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

சோலைச்சாமி பொத்தானை அமுக்கினார். கதவு திறந்தது. யுவராணி உள்ளே போனாள். சுவரில் முட்டி நின்றாள். கதவு மூட வந்தது, வண்டியின் பின்பக்கத்தைத் தொட்டது, திரும்பத் திறந்துகொண்டது. ‘தயவுசெய்து கதவருகே நிற்க வேண்டாம்’ என்றது லிஃப்ட், நல்ல தமிழில். வண்டி வெளியே வந்து, திரும்பி, பின்பக்கமாக உள்ளே போனது. இப்போது கால் வைக்கும் தட்டுகள் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. கதவு வந்தது, தொட்டது, திறந்தது. ‘தயவுசெய்து கதவருகே நிற்க வேண்டாம்.’

நாலு விரற்கடை. அவ்வளவுதான் இடித்தது. தென்னந்தோப்பு போனது, ஒரு மாதம் தூசி தின்றது, எல்லாம் நாலு விரற்கடையில் வந்து நின்றது. ஆறு இஞ்ச் என்று அஃப்சல் அன்றைக்குச் சொன்னது காதில் கேட்டது. சோலைச்சாமிக்கு முகமெல்லாம் வேர்த்தது. லிஃப்ட் நாலாவது தடவையாக அதையே சொன்னபோது அதன் வாயில் ஒரு அறை விடலாமா என்றிருந்தது. அவர் தெருப் பக்கம் திரும்பினார். பழக்கம்தான், வாய் தானாக முந்திக்கொண்டது.

“ஏலே மாரி, இன்னும் ரெண்டு பேரைக் கூட்டிட்டு வா.”

மாரிசாமி கைலியை மடித்துக் கட்டினார்.

“அப்பா.” யுவராணி குரலை உயர்த்தவில்லை. “ஆள் வந்தா நான் இப்படியே வேன்ல ஏறிருவேன்.”

மாரிசாமி அப்படியே நின்றுவிட்டார். சோலைச்சாமி மகளைப் பார்த்தார். மாடியில் ஆரத்திக் கற்பூரம் எரிந்து அணைந்திருக்கும். அவருக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. மகளிடம் அவர் இப்படி ஒரு யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை.

“அப்ப என்ன தாயி செய்ய?”

“இந்தத் தட்டு கழலும்ப்பா. பக்கத்துல ஒரு கொக்கி இருக்கு பாருங்க, அதை அமுக்கிட்டு மேல தூக்குங்க.”

சோலைச்சாமி தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தார். வாழ்க்கையில் முதன்முதலாக அந்த வண்டியைப் பார்த்தார். முன்னால் இரண்டு சின்னச் சக்கரம், பின்னால் இரண்டு பெரிய சக்கரம், அவற்றுக்கும் பின்னால் குண்டுமணி போல இன்னும் இரண்டு. ஓரத்தில் நீளமாக ஒரு கீறல், எங்கேயோ உரசியிருக்கிறாள். கைப்பிடியில் தொங்கிய பையில் ஒரு தண்ணீர் பாட்டில், மூடி திறக்காமல். கொக்கி இருந்தது. அமுக்கித் தூக்கியதும் தட்டு கையோடு வந்தது, மற்றதையும் அப்படியே கழற்றினார். யுவராணி தன் இடது காலை இரண்டு கையாலும் தூக்கி இருக்கையில் மடக்கி வைத்தாள். அதன்மேல் வலது காலைத் தூக்கி வைத்தாள். பந்தியில் உட்காருகிற மாதிரி சம்மணம் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். வண்டி பின்வாங்கியது. கதவு மூடிக்கொண்டது. லிஃப்ட் வாயைத் திறக்கவில்லை.

உள்ளே இன்னொரு ஆளுக்கு இடமில்லை. கண்ணாடி வழியாக மகளின் முகம் மேலே போவதைப் பார்த்துக்கொண்டு, இரண்டு கால் தட்டையும் நெஞ்சோடு அணைத்தபடி அவர் கீழே நின்றார். அவளுக்கு முன்னால் மேலே போய் நிற்க வேண்டும் என்று படிக்கட்டுக்கு ஓடினார். ஆறாவது படியில் கால் நின்றுவிட்டது. மேலே சுந்தரம்மாள் அழுவது கேட்டது. பிறகு அந்தச் சத்தம் கேட்டது. தலைக்கு மேலே, தளத்தில், ரப்பர் சக்கரம் உருளுகிற சத்தம். கூடத்திலிருந்து அடுப்படிக்கு, அடுப்படியிலிருந்து ஜன்னலுக்கு. அந்த வீட்டில் ஆறு வருஷமாக அவர் காது எதைத் தேடிக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. படியிலேயே உட்கார்ந்து அழுதார். மாரிசாமி பார்த்துவிட்டுப் பார்க்காதவர் போலக் கடைக்குள் போய்விட்டார்.

மேலே போனபோது யுவராணி தன் அறையில் இருந்தாள். அலமாரியில் அவள் புத்தகங்கள், காலேஜ் பஸ் பாஸ், சாவி போட்டு வைக்கும் பீங்கான் கிண்ணம் எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, வைத்தாள். புது விரிப்பைத் தடவினாள். ஜன்னலில் வைத்தியநாதர் கோயில் கோபுரம் தெரிகிறதா என்று பார்த்தாள். தெரிந்தது. கூடத்துக்குத் திரும்பும் வழியில் பாத்ரூம் வாசலில் ஒரு நொடி நின்றாள், அப்புறம் வண்டியைத் திருப்பிக்கொண்டாள். சோலைச்சாமி அதைப் பார்க்கத்தான் செய்தார். அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

காபி வந்தது. கால் டம்ளர் போதும் என்று சொல்லி, அதிலும் உதட்டை மட்டும் நனைத்துவிட்டு வைத்தாள். அவருக்கு மனசு சுருக்கென்றது. விருந்தாளி மாதிரி நடந்துகொள்கிறாளே என்று நினைத்தார். மத்தியானம் நாட்டுக்கோழிக் குழம்பு. இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். காரத்தில் மூக்கு நுனி சிவந்து கண்ணில் தண்ணீர் வந்தது. சுந்தரம்மாள் பானைத் தண்ணீரைச் செம்பில் மோந்து வைத்தாள். யுவராணி அந்தச் செம்பைக் கையில் எடுத்தாள். அதன் குளிர்ச்சியைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டாள். ஒரு மடக்கு குடித்துவிட்டுக் கீழே வைத்துவிட்டாள்.

அஞ்சு மணியை ஏழு மணி ஆக்கக்கூடாதா என்று அப்போதுதான் சோலைச்சாமி கேட்டார். முடியாதுப்பா என்றாள். அவருக்குக் கோபம் வந்தது. இதற்கு மேல் ஒரு மனுஷன் என்னதான் செய்வது என்று முணுமுணுத்துக்கொண்டே அடுப்படிக்குப் போனார். சுந்தரம்மாள் அங்கே முந்தானையை வாயில் வைத்து நின்றுகொண்டிருந்தாள்.

“உங்களுக்கு இன்னுமா விளங்கல? இந்த வெயில்ல அவ காலையில இருந்து தண்ணியே குடிக்கல. குடிச்சா எங்க போவா?”

சோலைச்சாமி பாத்ரூம் வாசலுக்குப் போனார். ஒரு பக்கச் சட்டத்திலிருந்து மறு பக்கத்துக்கு ஜாண் வைத்து அளந்தார். மூன்று ஜாண்கூட இல்லை. கீழே தண்ணீர் வெளியே வராமல் இருக்க அரையடி உயரத்துக்கு ஒரு தடுப்பு, அவரே நின்று கட்டச் சொன்னது. ஆறு வருஷத்துக்கு முன்னால் மகள் இந்த வீட்டில் இருந்த நாளெல்லாம் சுந்தரம்மாள் கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள்ளேயே என்னென்னவோ செய்தாள் என்பது அவருக்கு நினைவுக்கு வந்தது. பெண்பிள்ளை சமாச்சாரம் என்று அவர் அந்தப் பக்கமே போனதில்லை. ஸ்டேஷனில் புதிதாக வந்த போலீஸ்காரர்கள், புகார் கொடுக்க வந்தவர் வாயைத் திறப்பதற்குள் தாங்களாக எழுத ஆரம்பித்தால் அவர் பேனாவைப் பிடுங்கிவிடுவார். கேட்காமல் எழுதாதே என்று எத்தனை பேரைத் திட்டியிருப்பார். அந்தத் திட்டு எல்லாம் சேர்த்து வட்டியோடு இன்றைக்குத் தன்மேல் விழுகிறது என்று நினைத்தார்.

அவர் மேஜை டிராயரிலிருந்து நீளக் கோடு போட்ட நோட்டை எடுத்தார். இடது ஓரத்தைப் பழக்கப்படி மடித்தார். மகளுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

“நீ சொல்லு தாயி. எழுதிக்கிடுதேன்.”

யுவராணிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. பெயர் யுவராணி, வயது முப்பத்தைந்து என்று எழுதினார். தகப்பனார் பெயர் என்று எழுதிவிட்டு ஒரு கணம் பேனாவை நிறுத்தி, பிறகு தன் பெயரை எழுதினார். மகள் சொல்லச் சொல்ல அவள் வார்த்தையை மாற்றாமல் எழுதினார். பாத்ரூம் வாசல் முப்பத்தாறு அங்குலம். தடுப்பு இருக்கக்கூடாது. வண்டி உள்ளே திரும்ப ஐந்தடி வேண்டும். சுவரில் பிடித்துக்கொள்ள இரண்டு கம்பி, அதன் உயரத்தை அவள் கையை வைத்துக் காட்டினாள், அவர் எழுந்து டேப் பிடித்து அளந்து எழுதினார். கட்டில் நாலு அங்குலம் உயரம் அதிகம். சுவிட்ச் எல்லாம் எட்டவில்லை. இத்தனையும் சொல்லி முடித்து, அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். சோலைச்சாமி பேனாவை மூடவில்லை. சொல்கிறவர் நிறுத்தினால் முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை, காத்திருக்க வேண்டும் என்பது அவர் தொழிலில் தெரிந்துகொண்டது.

“இன்னொண்ணு இருக்குப்பா. அன்னைக்கு வண்டி சாஞ்சுதே, அதை எழுதாதீங்க. அதுக்காக நான் போகல. வண்டி சாயுறதுக்கு முன்னாடியே இறக்குங்கன்னு நான் மூணு தடவை சொன்னேன். நீங்க என்னைத் திரும்பிப் பாக்கல. மாரி அண்ணங்கிட்ட ‘நல்லாப் பிடிலே’ன்னு சொல்லிக்கிட்டிருந்தீங்க. நான் மூட்டை இல்லப்பா. அதை எழுதுங்க.”

எழுதினார். ஒரு எழுத்து கோட்டைத் தாண்டிக் கீழே போனது. அடித்துத் திருத்தவில்லை.

எழுதியதைப் படித்துக் காட்டாமல் அவர் யாரிடமும் கையெழுத்து வாங்கியதில்லை. முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்தார். ‘இறக்குங்கன்னு நான் மூணு தடவை சொன்னேன்’ என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த வரியை மறுபடி முதலிலிருந்து படித்தார். சுந்தரம்மாள் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். படித்து முடித்து நோட்டையும் பேனாவையும் மகளிடம் நீட்டினார். அவள் குனிந்து வெகுநேரம் எழுதினாள். ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு நேரமா என்று அவருக்குத் தோன்றியது, ஆனால் எட்டிப் பார்க்கவில்லை. நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தாள்.

அஞ்சு மணிக்கு வேன் வந்துவிட்டது. யுவராணி சம்மணம் போட்டபடியே லிஃப்டில் இறங்கினாள். சோலைச்சாமி படி வழியாக இறங்கி, கால் தட்டுகளோடு காத்து நின்றார். மாட்டி விடட்டுமா என்று கேட்டார். மாட்டுங்க என்றாள். முட்டி போட்டு இரண்டையும் மாட்டினார், அவள் கால்களைத் தூக்கி அவற்றின்மேல் வைத்தாள். பலகை ஏறி வேனுக்குள் போனாள். இந்தத் தடவை அவர் வண்டியையும்தான் பார்த்துக்கொண்டு நின்றார், வேன் ராஜபாளையம் ரோட்டில் திரும்புகிறவரைக்கும்.

தெரு பழையபடி ஆயிற்று. மேலே போனால் அந்தச் சக்கரச் சத்தம் இருக்காது. அதை நினைத்ததும் படி ஏற முடியவில்லை. லிஃப்ட் திறந்து கிடந்தது. மகள் ஏறியாகிவிட்டது, இனி யாரும் ஏறலாம். உள்ளே போய் நின்று பொத்தானை அமுக்கினார். அது மெதுவாக ஏறும்போது கக்கத்தில் வைத்திருந்த நோட்டைப் பிரித்தார்.

‘படித்துக் காட்டக் கேட்டேன், சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். அதற்குக் கீழே, கடைசிக் கோட்டில், பொடி எழுத்தில் இன்னும் கொஞ்சம் இருந்தது.

‘நம்ம வீட்டுப் பானைத் தண்ணியை வயிறு முட்டக் குடிச்சு ஆறு வருஷம் ஆச்சுப்பா. வாசலைச் சீக்கிரம் இடிங்க. வந்து ராத்திரி தங்குதேன்.’

லிஃப்ட் மேலே வந்து நின்றது. கதவு திறந்தது. சுந்தரம்மாள் எதிரே நின்று, என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டாள். சோலைச்சாமி நோட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு, போனை எடுத்து அஃப்சலைக் கூப்பிட்டு, நல்ல கொத்தனாராக ஒருத்தர் நாளைக் காலையிலேயே வேண்டும் என்றார்.